இலவசப் பயிற்சிக்கு அரசு தரும் பணம்: அறிந்து சேருங்கள், கேட்டுப் பெறுங்கள்

"முற்றிலும் இலவசம். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, சான்றிதழ், வேலை எல்லாம் உண்டு" என்ற நோட்டீஸ் பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும், வாட்ஸ்அப் குழுவிலும் வந்து விழும். அதைப் பார்க்கும் பெற்றோரில் பாதிப் பேர் இலவசம் என்றால் தரம் இருக்காது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். மீதிப் பேர் காசா பணமா, போய்ப் பார்க்கட்டும் என்று பிள்ளையை அனுப்பிவைக்கிறார்கள். இரண்டுமே தவறு.

அந்தப் பயிற்சி உங்களுக்குத்தான் இலவசம். நீங்கள் உட்காரும் ஒவ்வோர் இருக்கைக்கும் அரசு கணக்குப் பார்த்துப் பணம் தருகிறது. அது மக்களின் வரிப்பணம், உங்கள் பெயரைச் சொல்லி வருகிற பணம். அது யார் கைக்கு, எப்போது போகிறது என்று தெரிந்துகொண்டால் எதில் சேரலாம், எதை விட்டு விலகலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இன்று திறந்திருக்கும் வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

பணம் வரும் மூன்று வழிகள்

முதல் வழியில் அரசே நிலையத்தை நடத்துகிறது. ஆசிரியர் சம்பளம், இயந்திரம், கட்டடம் எல்லாம் அரசின் செலவு. அரசு தொழிற்பயிற்சி நிலையம், அதாவது அரசு ஐ.டி.ஐ., இந்த வகை.

இரண்டாவது வழியில் தனியார் பயிற்சி மையத்துக்கு அரசு ஆள் கணக்கில் பணம் தருகிறது. மூன்று, நான்கு மாதப் பயிற்சிகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது வழியில் நீங்கள் நிறுவனத்தில் வேலை பழகுகிறீர்கள். நிறுவனம் தரும் மாத உதவித்தொகையில் அரசும் ஒரு பங்கு போடுகிறது. இதுதான் தொழிற்பழகுநர் பயிற்சி, பேச்சு வழக்கில் அப்ரண்டிஸ்.

இவற்றில் இரண்டாவது வழியை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். மத்திய அரசு 2015-ல் திறன் பயிற்சிகளுக்குப் பொது நெறிமுறைகளை வெளியிட்டது. அதன்படி மையத்துக்குப் பணம் மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. பயிற்சி தொடங்கும்போது 30 விழுக்காடு, பயிற்சி முடித்தவர் தேர்வெழுதிச் சான்றிதழ் பெறும்போது 50 விழுக்காடு, வேலையில் அமர்த்திய பிறகு 20 விழுக்காடு. திட்டத்துக்குத் திட்டம் இந்த விகிதம் மாறியிருக்கிறது. ஆனால் சேர்க்கை, சான்றிதழ் என்ற இரண்டு படிகளிலேயே பெரும்பணம் கைக்கு வந்துவிடும் மையத்துக்கு, வேலை வாங்கித் தரும் அக்கறை தானாக வராது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. நல்ல மையங்கள் அந்தக் கடைசிப் படிக்காகவும் உழைக்கின்றன. அப்படிப்பட்ட மையத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. சேர்வதற்கு முன்பு கேட்கும் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். அப்போது உங்கள் கையெழுத்து அவர்களுக்குத் தேவைப்படுகிறது.

ஐ.டி.ஐ.: ஓராண்டு, ஈராண்டு செலவிட முடிந்தால் இதுவே முதல் தேர்வு

கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. இன்றும் தொழிற்சாலை வாசலில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் சான்றிதழ் ஐ.டி.ஐ. தருவதுதான். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், பயிற்சி இரண்டு ஆண்டு. வெல்டர், வயர்மேன் போன்றவற்றில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.க்களில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. பாடப்புத்தகம், வரைபடக் கருவி, சீருடை, காலணி, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் தரப்படுகின்றன. இதோடு நின்றுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. கல்லூரிக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் உண்டு. ஐ.டி.ஐ. உதவித்தொகையோடு சேர்ந்தால் மாதம் 1,750 ரூபாய். கிராமத்திலிருந்து வந்துபோகும் பிள்ளைக்கு அது படிப்பை நிறுத்தாமல் காக்கும் தொகை.

"ஐ.டி.ஐ.யில் பழைய லேத் மெஷினைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 'தொழில் 4.0' தரத்துக்கு உயர்த்தும் பணியைத் தமிழ்நாடு அரசு எடுத்துக்கொண்டது. ஒரகடம் ஐ.டி.ஐ.யில் 2023 ஜூலையில் அதன் தொடக்க விழா நடந்தது. ரோபோ, சி.என்.சி. இயந்திரம், மின் வாகனம் சார்ந்த பிரிவுகள் அங்கே வந்திருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் எந்த ஐ.டி.ஐ. இந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்தால் மேற்படிப்பு அடைபட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொழிப் பாடத் தேர்வுகளை எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் கிடைக்கும்.

அப்ரண்டிஸ்: வேலையோடு கற்பது, சம்பளத்தோடு கற்பது

தொழிற்பழகுநர் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. இன்றைய விதிப்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் அப்ரண்டிஸ்களை எடுக்க வேண்டும். மொத்தப் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை எடுக்கலாம். நான்கு முதல் 29 பேர் வரை உள்ள சிறு நிறுவனங்கள் விரும்பினால் எடுக்கலாம். அதாவது உங்கள் ஊர்ப் பக்கத்துத் தொழிற்பேட்டையில் இருக்கும் பட்டறைக்காரரும் உங்களைச் சட்டப்படி அப்ரண்டிஸாகச் சேர்க்க முடியும். பலருக்கு இது தெரியாது. நீங்களே போய்ச் சொல்லலாம்.

குறைந்தபட்ச மாத உதவித்தொகையை 2019 விதித் திருத்தம் படிப்புக்கேற்ப நிர்ணயித்தது: பத்தாம் வகுப்புக்கு 6,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு மற்றும் ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. இரண்டாம் ஆண்டில் இது 10 விழுக்காடு கூடும். இந்தத் தொகைகளை 36 விழுக்காடு உயர்த்தலாம் என்று மத்திய தொழிற்பழகுநர் குழு 2025 மே மாதம் பரிந்துரைத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளில் நடப்பில் உள்ள தொகை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் இந்தத் தொகையில் 25 விழுக்காட்டை, அதிகபட்சம் 1,500 ரூபாயை, மத்திய அரசு ஏற்கிறது. முன்பு அது நிறுவனத்துக்குப் போனது. 2023-லிருந்து நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. பொறியியல் பட்டதாரிகளுக்கும் டிப்ளமோ முடித்தவர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. தென் மாநிலங்களுக்கான அதன் வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசே தருகிறது.

பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவை அப்ரண்டிஸ்களை எடுப்பதற்குப் பெயர்பெற்றவை. பயிற்சி முடித்ததும் அங்கேயே நிரந்தர வேலை என்று சட்டம் உறுதி தரவில்லை. இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு சேருங்கள். ஆனாலும் பயன் உண்டு. ரயில்வே நிறுவனங்களில் பயிற்சியை முழுமையாக முடித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு, ரயில்வேயின் முதல் நிலைப் பணிகளுக்கான தேர்வில் 20 விழுக்காடு இடம் ஒதுக்கப்படுகிறது. தனியார் நிறுவனத்திலும் ஓராண்டு மெஷினில் கை பழகியவருக்கும் சான்றிதழை மட்டும் கொண்டு வருபவருக்கும் உள்ள வித்தியாசம் சூப்பர்வைசருக்கு முதல் நாளே தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. அப்ரண்டிஸ் என்று சொல்லி எடுத்துக்கொண்டு, ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. உங்கள் ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் தளத்தில் பதிவாகி, அதற்கு ஓர் எண் வந்திருக்க வேண்டும். அந்த எண் இல்லையென்றால் நீங்கள் அப்ரண்டிஸ் இல்லை. அப்படியானால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உள்ள முறையான வேலையாகக் கேளுங்கள்.

குறுகிய காலப் பயிற்சிகள்: தேர்ந்தெடுத்தால் நன்மை

ஓராண்டு காத்திருக்க முடியாத குடும்பங்களுக்கு மூன்று, நான்கு மாதப் பயிற்சிகள் தேவைதான். தமிழ்நாட்டில் இவற்றை நடத்தும் முக்கிய அமைப்பு தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். 2022 மார்ச் 1-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் இதன் பொறுப்பில்தான் இருக்கிறது. மத்திய அரசின் பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் 2015-லிருந்து பல கட்டங்களாக நடந்திருக்கிறது.

கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் முதலில் விசாரிக்க வேண்டியது தீன் தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம். 2014-ல் வந்தது. வயது 15 முதல் 35 வரை, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 45 வரை. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசுடையது, 40 விழுக்காடு மாநில அரசுடையது. தங்கும் வசதியுடன் கூடிய பயிற்சிகளும் உண்டு. பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினருக்கு வேலை என்பது இதன் அடிப்படை விதி. வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடக் கூடாது என்று மாதம் 1,000 ரூபாய் உதவி தரும் ஏற்பாடும் இதில் வைக்கப்பட்டது. சொந்த மாவட்டத்தில் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் வேறு மாவட்டம் என்றால் மூன்று, வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம். இதைக் கேட்டு வாங்கியவர்கள் குறைவு, இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாததால். உங்கள் ஊர் மகளிர் குழுத் தலைவியிடமோ, மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்திலோ கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் வழியாகத்தான் வருகிறது.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பு இளைஞர்கள் அவர்களுக்கான அரசு மேம்பாட்டுக் கழகமான தாட்கோவின் அலுவலகத்தையும் ஒரு முறை எட்டிப் பார்க்க வேண்டும். வெளியே பெருந்தொகை கேட்கும் பல பயிற்சிகளுக்கு அங்கே கட்டணத்தைத் தாட்கோ ஏற்கிறது.

பட்டதாரிகளுக்கு

குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களில் நுழைவுத் தேர்வு வழியாகத் தேர்வாகும் 1,000 பேருக்கு நான் முதல்வன் திட்டம் பத்து மாதத்துக்கு மாதம் 7,500 ரூபாய் தருகிறது. முதல்நிலைத் தேர்வில் வெற்றி பெற்றால் முதன்மைத் தேர்வுக்காக 25,000 ரூபாய். அறை வாடகைக்கே அப்பாவை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைக்கு இது பெரிய துணை.

மத்திய அரசு 2024-ல் சோதனை முறையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் அப்போது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்காக அறிவிக்கப்பட்டது. பெரிய நிறுவனங்களில் ஓராண்டு, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது 6,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. வெளியூரில் வாடகை கொடுத்துத் தங்க இந்தத் தொகை போதாது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொந்தத் தொழில் தொடங்க

ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களை மாவட்டந்தோறும் முன்னோடி வங்கிகள் நடத்துகின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982-ல் தொடங்கிய முன்மாதிரியிலிருந்து வளர்ந்தவை இவை. தையல், அழகுக்கலை, செல்போன் பழுது நீக்கல், ஆடு வளர்ப்பு, ஏ.சி. மெக்கானிக் என்று சில வாரப் பயிற்சி. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். பயிற்சிக்குப் பின் இரண்டு ஆண்டு வரை தொடர்ந்து வழிகாட்டுவதும், வங்கிக் கடனுக்கு இணைத்துவிடுவதும் இவர்களின் பொறுப்பு. வீட்டைவிட்டு வெளியூர் போக முடியாத பெண்களுக்கு இது நல்ல ஏற்பாடு.

பரம்பரைத் தொழில் என்ற கட்டு இல்லாமல் 35 வயது நிறைந்த கைவினைஞர்கள் யாரும் சேரக்கூடியது தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டம். 25 தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று 2025 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. விவரம் மாவட்டத் தொழில் மையத்தில் கிடைக்கும்.

சேரும் முன் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. இது எந்த அரசுத் திட்டம்? அரசு உங்களுக்கு அனுமதி தந்த ஆணை எங்கே?

2. கடைசியாகப் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வேலையில் இருப்பவர்கள் எத்தனை பேர், எங்கே? அவர்களில் இரண்டு பேரோடு நான் பேச முடியுமா?

3. வேலை தரும் நிறுவனத்தின் பெயர் என்ன, ஊர் எது, பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும்?

4. செய்முறை வகுப்பு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? எத்தனை பேருக்கு ஓர் இயந்திரம்?

5. சான்றிதழ் யார் பெயரில் வரும்? தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அதன் நிலை என்ன?

6. எனக்கு வரவேண்டிய பயணப்படி, உதவித்தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும்?

7. இடையில் உடம்பு சரியில்லாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

பொறுமையாகப் பதில் சொல்கிற மையத்தில் சேருங்கள். "முதலில் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் பார்க்கலாம்" என்று சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள். பட்டறையைக் கண்ணால் பார்க்காமல் எங்கும் சேராதீர்கள். சுற்றிக் காட்டச் சொல்லும்போது இயந்திரத்தில் தூசி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வங்கிக் கணக்கில் கவனம்

அரசின் உதவித்தொகை ஆதார் வழியாக வரும்போது, உங்கள் ஆதாரோடு கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குத்தான் போகும். படிவத்தில் வேறு கணக்கை எழுதியிருந்தாலும் பலன் இல்லை. பணம் வரவில்லை என்ற புகார் எழும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சேரும் முன்பே வங்கிக்குப் போய் எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆதாரிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் முதலெழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இரண்டையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டம் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றவர்களின் பதிவுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பூஜ்யமாகவோ இருந்ததை அது சுட்டிக்காட்டியது. பதிவில் கணக்கு எண் சரியாக இல்லாதவருக்கு உதவித்தொகை எப்படிப் போய்ச் சேரும்? ஆகவே உங்கள் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், கணினியில் ஏற்றிய பிறகு திரையை நீங்களே பாருங்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் செல்போன் எண்ணைத்தான் பதிய வேண்டும், மையத்தின் எண்ணை அல்ல. வராத நாளுக்கு வந்ததாகக் கையெழுத்துப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஏமாற்றத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்

இலவசத் திட்டத்தில் பதிவுக் கட்டணம், சீருடைக்கு டெபாசிட், வேலைக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாயும் தராதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்க்க மட்டும் காட்டுங்கள், பயிற்சி மையத்தில் கொடுத்துவிட்டு வராதீர்கள். வெளிமாநில வேலை என்றால் ஆஃபர் லெட்டர் கையில் வந்த பிறகே ரயில் ஏறுங்கள்.

தவறு நடந்தால் வாய் மூடி இருக்க வேண்டாம். முதல்வரின் உதவி மைய எண் 1100. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் மையத்துக்கு எவ்வளவு தொகை விடுவிக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். அந்த ஒரு கேள்வியே பல இடங்களில் வேலையை நடக்கவைக்கும்.

யார் எதில் சேரலாம்?

எட்டாவதோடு நின்றவர் வெல்டர், வயர்மேன் ஐ.டி.ஐ. பக்கம் போகட்டும். பத்தாவது முடித்தவருக்கு இரண்டாண்டு ஐ.டி.ஐ., அதன் பிறகு ஓராண்டு அப்ரண்டிஸ். டிப்ளமோவும் பட்டமும் பெற்று வீட்டில் இருப்பவர், இன்னொரு சான்றிதழ் வகுப்பைத் தேடுவதைவிட ஓராண்டு அப்ரண்டிஸாகப் போவது மேல். உடனே வருமானம் வேண்டிய கிராமத்து இளைஞருக்கு, வேலை உறுதியோடு தங்கிப் படிக்கும் ஊரகப் பயிற்சி. ஊரைவிட்டு நகர முடியாதவருக்கு வங்கியின் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி.

இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே தயங்கினால், வேலை தருபவரும் தன் பணத்தைப் போடும் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள். தன் காசைப் போட்டவர் உங்களுக்குத் தொழில் வர வேண்டும் என்று உண்மையாகவே நினைப்பார்.

உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இந்த எல்லா வழிகளையும் பற்றிக் கட்டணமில்லாமல் கேட்கலாம். இந்த வாரமே ஒரு நாள் காலையில் சான்றிதழ் நகல்களோடும் மேலே சொன்ன ஏழு கேள்விகளோடும் போய் வாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் தெருவில் வேலை தேடிக்கொண்டிருக்கும் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அது உங்களுக்காக ஒதுக்கிய பணம், கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.